இல்லாமையில் எழுந்த நகரங்கள்

தெற்கு ஈராக்கில், யூப்ரடீஸும் டைகிரிஸும் பாரசீக வளைகுடாவை நெருங்கும் சமவெளியில், குடியேற வருகிறவனுக்கு நிலம் தருவது வண்டல் மண், தண்ணீர், நாணல், மீன், பேரீச்சை. அதற்கு மேல் எதுவும் எளிதில் கிடைக்காது. கட்டடத்துக்கு ஆகும் கல் வேண்டுமானால் மேற்கே பாலைவன ஓரத்துக்குப் போக வேண்டும். உத்தரம் போடத் தக்க நெடுமரம் தொலைவான மலைகளில்தான் வளர்கிறது. செம்பு, வெள்ளீயம், வெள்ளி, பொன் எதுவும் மண்ணுக்கடியில் இல்லை. ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை எட்டாது. அதை நம்பிப் பார்லிகூட விதைக்க முடியாது. ஆறுகளும் காலமறிந்து உதவுவதில்லை. நைல் நதி விதைப்புக்கு முன்பே பெருகி வடிந்துவிடும். இந்த இரு ஆறுகளோ மலைப்பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில், கதிர் முற்றி அறுவடைக்குக் காத்து நிற்கும்போது கரை புரளும். பாய்ச்சிய நீர் வடிய வழியில்லாத தட்டை நிலம் என்பதால் உப்பும் மெல்ல மேலேறி வரும். இப்படிப்பட்ட இடத்தில்தான் கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் உரூக் என்ற பெருநகரம் எழுந்தது. உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய எழுத்துகளும் அங்கேயே கிடைத்திருக்கின்றன.

இதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் காரணம் சுருக்கமானது. வண்டல் வளமானது, விளைச்சல் மிஞ்சியது, மிஞ்சியதை உண்டு பூசாரிகளும் அரசர்களும் கைவினைஞர்களும் பிழைத்தார்கள், கோயிலும் எழுத்தும் சட்டமும் பிறந்தன, பிறகு அக்கம்பக்கத்து மக்கள் அவற்றை இந்தச் சமவெளியின் மக்களான சுமேரியரிடம் கற்றுக்கொண்டார்கள். அறிஞர் சாமுவேல் நோவா கிராமரின் புகழ்பெற்ற நூல் ஒன்றின் தலைப்பே வரலாறு சுமேரில் தொடங்குகிறது என்று அறிவித்தது. இந்தக் கதையில் பாதி சரி. நீர் கொண்டுவர முடிந்த இடத்தில் விளைச்சல் மிகுதியாக இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் வளமான மண் உள்ள எத்தனையோ பள்ளத்தாக்குகளில் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சிற்றூர்களில் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மிகுதி ஒன்றே நகரத்தை எழுப்பிவிடாது. சுமேரியாவின் தனித்தன்மை, மிகுதியும் இல்லாமையும் ஒரே நிலத்தில் சேர்ந்து இருந்ததில் இருக்கிறது. உணவும் கம்பளியும் ஏராளம். மற்றவை எல்லாம் அடுத்தவர் நிலத்தில். அங்கே அயலாரோடு பிணைந்தே வாழ வேண்டியிருந்தது. நாம் நாகரிகம் என்று அழைப்பதில் பெரும்பங்கு, அந்தப் பிணைப்பைத் தவறாமல் கணக்கில் வைக்க மனிதர்கள் கண்ட உத்திகள்தாம். அந்த உத்திகளையும் சுமேரியர் தனியாகக் கண்டுவிடவில்லை; சுற்றியிருந்த பலரும் அவற்றை உருவாக்கிப் பழகினார்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், தெற்குச் சமவெளிக்கு வந்துசேர்ந்த மக்கள் எதைக் கையில் கொண்டு வந்தார்கள் என்று பார்க்கலாம். கோதுமை, பார்லி, ஆடு, மாடு ஆகிய எதுவும் அந்தச் சமவெளியில் பழக்கப்படுத்தப்படவில்லை. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து தென்கிழக்குத் துருக்கி வழியாக ஈரானின் சாக்ரோஸ் மலைவரை வளைந்து செல்லும் மேட்டு நிலங்களில், ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் தொடங்கின. செம்பை உருக்கும் அறிவு அனத்தோலியா, ஈரான் மலைப்பகுதிகளில் வளர்ந்தது. நிர்வாகத்தின் விதையும் வடக்கில்தான் தென்படுகிறது. சிரியாவின் வடக்கே டெல் சபி அப்யாத் என்ற சிற்றூர் கி.மு. 6000 வாக்கில் எரிந்து மண்ணானது. அந்தத் தீயில் சுட்டு இறுகிப்போன களிமண் முத்திரைப் பதிவுகள் சுமார் 300 அகழாய்வில் கிடைத்தன. கூடையின் முடியிலும் குடத்தின் வாயிலும் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் தன் முத்திரையை அழுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை யாரும் திறக்கவில்லை என்று உறுதி கொள்ளலாம். எழுத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் முன்பே, அரசனும் கோயிலும் இல்லாத ஒரு கிராமத்தில், பொருளுக்குப் பொறுப்பு யார் என்பதைப் பதிந்துவைக்கும் பழக்கம் இருந்திருக்கிறது.

தெற்கில் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்றான எரிதுவை 1946 முதல் 1949 வரை ஃபுவாத் சஃபாரும் சீட்டன் லாயிடும் தோண்டினார்கள். ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட 18 கட்டட அடுக்குகள் வெளிப்பட்டன. அடியில் ஒரு சிறு அறை. மேலே வர வர அகன்று, கடைசியில் மேடைமேல் அமைந்த பெருங்கோயில். அடித்தளம் முதல் உச்சிவரை தொடர்ச்சி அறுபடாமல் இருப்பது, வெளியிலிருந்து ஓர் இனம் திடீரென வந்து நாகரிகத்தை இறக்கி வைத்தது என்ற பழைய கற்பனைக்கு இடம் தரவில்லை. அதே வேளையில் அம்மக்கள் தங்களுக்குள் அடங்கிக் கிடக்கவும் இல்லை. அவர்களுடைய காலத்து வண்ணப் பானைகள் வளைகுடாவின் அரேபியக் கரை நெடுகக் கிடைக்கின்றன. குவைத்தின் கரையோரக் குடியிருப்பு ஒன்றில், நாணல் படகின்மேல் பூசப்பட்ட நிலக்கீலின் துண்டுகளே அகப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் நாணலின் அச்சு, மறுபக்கம் கடற்சிப்பிகள் ஒட்டிய தடம். நகரம் எழுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே சமவெளியிலிருந்து கடல்வழியும் ஆற்றுவழியும் திறந்திருந்தன.

இனி உரூக். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1912இல் தொடங்கி இடைவிட்டு இடைவிட்டுத் தோண்டிவரும் இந்த நகரம் கி.மு. 3200 வாக்கில் சுமார் 250 ஹெக்டேர் பரப்பில் இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அது இரு மடங்குக்கும் மேல் பெருகியது. அங்கே குப்பையோடு கொட்டி நிரப்பப்பட்ட நிலையில் ஏறத்தாழ 5,000 களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் துதியோ கதையோ அரசனின் வெற்றிப் பெருமையோ ஒன்றும் இல்லை. பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கணக்கு: பார்லி, மாவு, பீர், ஆடு, கம்பளி, துணி, வயல், வேலையாள். எஞ்சியவை எழுத்தர்கள் பயில்வதற்கான சொற்பட்டியல்கள். குஷிம் என்று படிக்கப்படும் குறியீட்டுடன் 29,086 அளவு பார்லி, 37 மாதம் என்று பதிந்த பலகை ஒன்று உண்டு. குஷிம் என்பது ஓர் ஆளின் பெயரா, ஒரு பதவியின் பெயரா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பார்லியின் அளவில் இல்லை. எண்களை எழுதும் முறையும் வியப்பானது. ஆட்டைக் கணக்கிட ஒரு முறை, பார்லியை அளக்க வேறொரு முறை, பங்கீட்டு உணவுக்கு இன்னொன்று, நிலப்பரப்புக்கு மற்றொன்று. எண்ணைப் பொருளிலிருந்து பிரித்துத் தனியாக நினைக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் பொருள் கை மாறுவதைப் பதிவது முதிர்ந்த கலையாகிவிட்டிருந்தது.

இந்தக் கணக்குகளுக்குப் பொருத்தமான ஒரு மண்பாண்டமும் அதே அடுக்குகளில் மலைபோல் குவிந்து கிடக்கிறது. விளிம்பு சாய்ந்து, சொரசொரப்பாக, அச்சில் அழுத்திச் செய்த மலிவான கிண்ணம் அது. சக்கரத்தில் அழகான பானை வனையத் தெரிந்த மக்கள் இப்படி ஒன்றை ஆயிரக்கணக்கில் செய்தார்கள் என்றால், அழகு அங்கே தேவைப்படவில்லை. ஏறத்தாழ ஒரே அளவு இருந்தால் போதும் என்று பொருள். உண்பதையும் பங்கீட்டையும் குறிக்கும் எழுத்துக் குறியில் ஒரு மனிதத் தலையும் அருகில் இதைப் போன்ற கிண்ணமும் இருக்கின்றன. வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியாகத் தானியமோ அப்பமோ அளந்து கொடுக்கப் பயன்பட்டது என்பதே பலருடைய விளக்கம். தன் வயலில் தானே விளைத்துத் தன் வீட்டில் உண்பவனுக்கு அளவும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். முகம் தெரியாத பல ஆயிரம் பேரின் உழைப்பை ஒரு களஞ்சியத்துக்குள் வாங்கி, அதே களஞ்சியத்திலிருந்து அவர்களுக்கு உணவு திரும்பப் போகும்போதுதான் நினைவு மட்டும் போதாமல் போகிறது. எழுத்து அந்த இடத்தில் பிறந்தது. பேச்சைப் பதிவு செய்யும் விருப்பம் அதற்குப் பின்னால் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கணக்குப் பழக்கம் உரூக்குக்கு மட்டும் சொந்தமா? எழுத்துக்கு முந்திய கட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. கூம்பு, உருண்டை, தட்டு வடிவங்களில் சிறு களிமண் வில்லைகளை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தும் வழக்கம் மேற்கு ஆசியா முழுவதும் பல ஆயிரம் ஆண்டுகள் இருந்தது. கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் அவ்வில்லைகளை உள்ளீடற்ற களிமண் உருண்டைக்குள் இட்டு மூடி, வெளியே முத்திரையை உருட்டி வைத்தார்கள். உள்ளே இருப்பதை உடைக்காமல் அறிய, வெளிப்புறத்தில் அதே எண்ணிக்கையை அழுத்திக் காட்டினார்கள். வெளியே எண் இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையாகிப் பலகையானது. டெனிஸ் ஷ்மண்ட்-பெஸ்ஸராட் விரிவாக முன்வைத்த இந்த விளக்கத்தில், எல்லா எழுத்துக் குறிகளும் வில்லைகளிலிருந்தே வந்தன என்ற பகுதியைப் பலர் ஏற்பதில்லை. எண் குறிகளைப் பொறுத்தவரை அது வலுவாக நிற்கிறது. நமக்கு முக்கியமானது இடம். இந்த மாற்றத்தின் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நன்கு புலப்படும் இடங்களுள் ஒன்று உரூக்கிலிருந்து கிழக்கே, இன்றைய ஈரானில் உள்ள சூசா. முத்திரையிட்ட உருண்டைகளும் வெறும் எண்கள் மட்டும் பதிந்த பலகைகளும் சிரியாவிலும் கிடைக்கின்றன. கணக்கின் மொழியை அந்தப் பரப்பு முழுவதும் சேர்ந்து பேசியிருக்கிறது.

நகரத்தின் கதையும் அப்படியே. வடகிழக்குச் சிரியாவில் உள்ள டெல் பிராக் மேட்டை 1930களில் மேக்ஸ் மல்லோவன் தோண்டியபோது, கண்களை மட்டும் பெரிதாகக் காட்டும் சிறு கல்லுருவங்களை ஆயிரக்கணக்கில் எடுத்தார். அதன் உண்மையான அளவு பின்னால்தான் புரிந்தது. மேட்டைச் சுற்றியுள்ள வயல்களில் பானை ஓடுகளின் பரவலைக் கணக்கெடுத்து 2007இல் வெளியான ஆய்வு, கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் முற்பகுதியிலேயே அந்தக் குடியிருப்பு 130 ஹெக்டேர் அளவுக்குப் பரவியிருந்ததைக் காட்டியது. தெற்கின் செல்வாக்கு அங்கே வருவதற்கு முன்பே நடந்த வளர்ச்சி இது. அது வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. நடுவில் ஒரு கோயிலோ அரண்மனையோ தோன்றி அதைச் சுற்றி நகரம் விரியவில்லை. விலகி விலகி நின்ற பல குடியிருப்புக் கொத்துகள் பெருகி, உட்புறமாக நெருங்கி ஒன்றாயின. ஒரே அதிகாரம் கட்டளையிட்டு எழுப்பிய நகரம் இப்படி வளராது. தங்கள் அடையாளத்தை விடாத பல குழுக்கள் அருகருகே வந்து குடியேறியதாகவே அது தெரிகிறது. மழையை நம்பிய வேளாண் நிலத்தில், கால்வாய்ப் பாசனத்தைச் சாராமல், இவ்வளவு பெரிய குடியிருப்பு உருவானது.

துருக்கியின் மலாத்யா சமவெளியில் உள்ள அர்ஸ்லான்தெப்பே இன்னும் தெளிவான சான்று. 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த மேட்டில், மார்செல்லா ஃபிராஞ்சிபானே தலைமையிலான இத்தாலியக் குழு கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஓர் அரண்மனைத் தொகுதியை வெளிக்கொணர்ந்தது. களஞ்சிய அறைகள், கூடங்கள், சுவர் ஓவியங்கள், ஆர்செனிக் கலந்த செம்பால் வார்த்த ஒன்பது வாள்கள். இவற்றோடு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முத்திரைப் பதிவுகள். பதிவுகளை உடைத்தவுடன் எறிந்துவிடவில்லை. வகை பிரித்து வைத்திருந்து, கணக்கு முடிந்தபின் மொத்தமாகக் கொட்டியிருக்கிறார்கள். களஞ்சியக் கதவைத் திறந்தவர் யார், எத்தனை முறை திறந்தார், எதை எடுத்தார் என்பதற்கான ரசீதுகளாக அவை வேலை செய்தன. ஓர் எழுத்துகூட இல்லாமல் ஓர் அரசு நடந்திருக்கிறது. இந்த மக்களைச் சுமேரியரின் மாணவர்கள் என்று சொல்ல ஆதாரம் போதாது. தென்பாணிப் பானைகள் சில அங்கே உண்டு. கட்டடமும் முத்திரைக் கலையும் பெரும்பாலும் உள்ளூர் மரபு.

இங்கே முதல் மறுப்பு எழும். கி.மு. 3500க்குப் பின் தெற்கத்திய பானை, செங்கல், முத்திரை, வீட்டமைப்பு எல்லாம் அப்படியே சிரியாவிலும் தென்கிழக்குத் துருக்கியிலும் மேற்கு ஈரானிலும் தோன்றுகின்றன. யூப்ரடீஸ் கரையில் இருந்த ஹபூபா கபீரா மதில் சூழ்ந்த, வடிகால் பதித்த, அடி முதல் முடிவரை தெற்குப் பாணியில் திட்டமிட்ட நகரம். இது உரூக் நகரத்தவர் குடியேற்றங்கள் அமைத்து வடக்கைச் சுரண்டியதைக் காட்டாதா? கியெர்மோ அல்காஸே 1993இல் வெளியிட்ட நூல் அப்படித்தான் வாதிட்டது: வளர்ந்த மையம் தெற்கு, மூலப்பொருள் தரும் விளிம்பு வடக்கு. அந்த நூலின் ஒரு பகுதி என் வாதத்துக்கே துணை. தெற்குக்கு வடக்கின் மரமும் உலோகமும் இல்லாமல் முடியவில்லை என்பதை அது வலியுறுத்துகிறது. மறுபகுதி பின்னர் கிடைத்த சான்றுகளுக்கு முன் தளர்ந்தது. துருக்கியில் ஹஜினெபி என்ற ஊரில் கில் ஸ்டைன் நடத்திய அகழாய்வு, தெற்கத்தியர் அங்கே ஊரின் ஒரு மூலையில் தங்கள் உணவுப் பழக்கத்தோடும் தங்கள் முத்திரைகளோடும் நெடுங்காலம் வாழ்ந்ததையும், உள்ளூர்த் தலைவர்கள் அவர்களுக்கு அடிபணியாமல் சமமாகக் கொடுக்கல் வாங்கல் நடத்தியதையும் காட்டியது. உறவு எங்கும் இனிமையாக இருந்ததென்று சொல்ல வரவில்லை. சிரியாவின் ஹமூக்கர் கி.மு. 3500 வாக்கில் தாக்கப்பட்டு எரிந்தது. இடிபாடுகளுக்குள் கவண் உருண்டைகள் ஏராளமாகக் கிடந்தன. பின்னர் அங்கே தெற்கத்திய பானைகள் மிகுகின்றன. ஆனால் தாக்கப்பட்டபோது ஹமூக்கர் தன் சொந்த முத்திரை நிர்வாகம் நடத்திவந்த ஊர். இல்லாததைக் கொடுக்க வந்தவர்கள் அதை எரிக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினம். வடக்கு அவ்வளவு முன்னேறியிருந்தால் எழுத்து ஏன் டெல் பிராக்கிலோ அர்ஸ்லான்தெப்பேயிலோ பிறக்காமல் உரூக்கில் பிறந்தது? விடை போக்குவரத்தில் இருக்கிறது. கழுதையின் முதுகில் தானியம் ஏற்றினால் சில நாள் பயணத்திலேயே விலங்கும் ஆளும் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடுவார்கள். ஆகவே மழை நம்பிய வடக்கில் ஒரு நகரம் தன்னைச் சுற்றி ஒரு நாள் நடைத் தொலைவுக்கு அப்பால் உணவு திரட்டுவது அரிது. அதன் வளர்ச்சிக்கு அதுவே உச்சவரம்பு. தெற்கில் கால்வாயும் சதுப்பும் ஆற்றுக் கிளைகளும் பின்னிக் கிடந்தன. நாணல் படகில் பார்லி, மீன், செங்கல், ஆட்டு மயிர் எதையும் நீரோட்டத்தோடு நகர்த்தலாம். ஒரே நகரத்தில் பல பத்தாயிரம் பேர் குவிய அது இடம் கொடுத்தது. அந்தக் குவியலில் முத்திரைக் கணக்கு திணறியது. எதை, எவ்வளவு, யாரிடமிருந்து, எந்த மாதத்துக்கு என்பதை ஒரே இடத்தில் சொல்லக்கூடிய பதிவு தேவைப்பட்டது. உரூக்கின் பெருமை அங்கே உண்மையானது. பொதுவாக இருந்த உத்தியை அது எல்லைவரை இழுத்து, அதிலிருந்து புதிய ஒன்றைப் பிறப்பித்தது.

இவ்விடத்தில் நீர்ப்பாசனத்தை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெருங்கால்வாய் வெட்டவும் பராமரிக்கவும் வலுவான மைய அதிகாரம் வேண்டும். அதிலிருந்தே அரசு பிறந்தது என்று கார்ல் விட்ஃபோகல் 1957இல் வாதிட்டார். ராபர்ட் மெக்கார்மிக் ஆடம்ஸ் விமானப் படங்களையும் பல ஆண்டு கள ஆய்வையும் கொண்டு பழைய ஆற்றுப்படுகைகளையும் குடியிருப்புகளையும் வரைபடமாக்கியபோது வரிசை தலைகீழாக இருந்தது தெரிந்தது. தொடக்க கால நகரங்கள் இயற்கையான ஆற்றுக் கிளைகளை ஒட்டிச் சிறு வாய்க்கால்களால் பிழைத்தன. அவற்றைச் சில ஊர்கள் கூடிப் பேசியே வெட்டிக்கொள்ளலாம். நீண்ட பெருங்கால்வாய்கள் அரசுகள் நிலைபெற்ற பின் வந்தவை. அரசு கால்வாயைப் பெற்றது; கால்வாய் அரசைப் பெறவில்லை.

மூன்றாவது மறுப்பை என் சான்றுகளே எழுப்புகின்றன. உரூக் பலகைகளில் ஆப்கானிய நீலக்கல்லும் ஈரானியச் செம்பும் பக்கம் பக்கமாக வர வேண்டுமே? அவற்றில் நிறைந்திருப்பது பார்லியும் ஆடும்தானே? அயலாரோடான உறவு என்பது மேட்டுக்குடியின் ஆடம்பரம்தான். உள்ளூர்ப் பொருளாதாரமே நகரத்தைக் கட்டியது என்று ஒருவர் சொல்லலாம். இதில் உண்மை இருக்கிறது. கழுத்து மணிகளுக்காக எந்த அரசும் எழுந்ததில்லை. ஆனால் உள்ளூர் என்று தோன்றும் அந்தப் பட்டியலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பலகைகளில் ஆடுகள் அத்தனை வகையாகப் பிரிக்கப்பட்டிருப்பதும், கம்பளியும் துணியும் நெசவு செய்யும் பெண்களும் ஓயாமல் எண்ணப்படுவதும் வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய உற்பத்தியைக் காட்டுகின்றன. செம்புக்கும் மரத்துக்கும் மாற்றாகத் தெற்கு கொடுக்கக்கூடிய, எடை குறைந்த, விலை மிகுந்த சரக்கு துணிதான். பிற்காலச் சான்றுகளில் மெசபடோமியத் துணி அனத்தோலியாவரை போய் விற்றது ஐயமின்றித் தெரிகிறது. பார்லிக் கணக்கு என்பது நெசவாளிக்குப் படியளந்த கணக்கு. நெசவு என்பது செம்பு வந்த வழி. உள்நாட்டையும் வெளிநாட்டையும் இரண்டு பேரேடுகளாகப் பிரித்துப் பார்ப்பது நம் பழக்கம். உரூக்கின் களஞ்சியத்தில் அவை ஒன்றில் ஒன்று புகுந்து கிடந்தன.

இந்தப் பிணைப்பு அறுந்தபோது நடந்ததும் அதே உண்மையைச் சொல்கிறது. கி.மு. 3100ஐ ஒட்டி வடக்கில் இருந்த தெற்குக் குடியிருப்புகள் கைவிடப்பட்டன. அர்ஸ்லான்தெப்பே அரண்மனை எரிந்தது; அதன் இடத்தில் மேய்ப்பர்கள் தட்டிக் குடிசைகள் போட்டுத் தங்கினார்கள். முத்திரை நிர்வாகம் அங்கே மறைந்தது. சூசாவில் உரூக்கின் எண் முறையை வாங்கி, குறிகளைத் தமக்கேற்ப மாற்றி, ஆட்களையும் விலங்குகளையும் பத்துப் பத்தாக எண்ணும் தனி முறையையும் சேர்த்து ஒரு புதிய எழுத்தை ஆக்கினார்கள். அந்தத் தொல் ஈலமைட் எழுத்தில் ஏறத்தாழ 1,600 பலகைகள் கிடைத்துள்ளன. ஈரானின் கிழக்கு எல்லையில் உள்ள ஷஹ்ர்-இ சோக்தாவரை அது பரவியது. கி.மு. 2900 வாக்கில் அதுவும் நின்றுபோனது. எழுத்தைக் கற்றவர்கள் அதைத் துறந்துவிட்டு வாழ்ந்தார்கள். நாகரிகம் என்பது ஏறினால் இறங்காத படிக்கட்டு என்ற எண்ணத்துக்கு இது நேர் எதிர். பொருளும் ஆளும் ஒரு நிறுவனத்தின் வழியாகப் பாயும்வரை எழுத்துக்கு வேலை இருந்தது. பாய்ச்சல் நின்ற இடத்தில் அது சுமையானது.

தெற்கில் எழுத்து பிழைத்தது. ஆனால் பேச்சை எழுத அது வெகுகாலம் எடுத்துக்கொண்டது. ஆதிப் பலகைகளில் வினை விகுதியோ வேற்றுமை உருபோ அநேகமாக இல்லை. ஒரு குறியை அதன் பொருளுக்காக அல்லாமல் ஒலிக்காக மட்டும் பயன்படுத்தும் வழக்கம் அடுத்த பல நூற்றாண்டுகளில் படிப்படியாக வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு ஆட்பெயர்கள் பெரும் தூண்டுகோல். படத்தால் ஓர் ஆட்டைக் காட்டலாம். ஓர் ஆளின் பெயரை, அதுவும் அயல்மொழிக்காரரின் பெயரை, ஒலியால்தான் காட்ட முடியும். அப்படிப்பட்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. அதன் பக்கத்திலேயே செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்த அக்காடியம் பேசப்பட்டது. கி.மு. 2500ஐ ஒட்டிய அபு சலாபிக் ஊரின் பலகைகளில், சுமேரிய இலக்கியத்தைப் படியெடுத்த எழுத்தர்களில் பலருக்குச் செமித்தியப் பெயர்கள். நமக்குக் கிடைத்த மிகப் பழைய சுமேரிய இலக்கியம் சுமேரியம் தாய்மொழியாக இல்லாத கைகளாலும் எழுதப்பட்டது என்றால், யாருடைய சாதனை அது என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. சிரியாவின் எப்லாவில் பாவ்லோ மத்தியே குழுவினர் 1970களில் கண்ட அரண்மனை ஆவணக்கூடம் இதன் அடுத்த படி. அங்கே சுமேரியரின் ஆப்பெழுத்தைத் தம் மொழிக்கு ஏற்றுக்கொண்டவர்கள் சுமேரியச் சொற்களுக்கு எப்லா மொழியில் பொருள் எழுதி வைத்த பட்டியல்கள், உலகின் மிகப் பழைய இருமொழி அகராதிகள்.

மூன்றாம் ஆயிரமாண்டின் நடுவில் பிணைப்பு முன்னைவிட அகன்றது. லியோனார்ட் வூல்லி 1920களில் 'ஊர்' என்ற பெயருடைய நகரத்தின் அரச கல்லறைகளைத் திறந்தபோது கிடைத்தவற்றில் நீலக்கல் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்தது. வெள்ளைக் கோடுகள் தீட்டிய சூதுபவள மணிகள் சிந்துவெளிக் கைவினைஞர்களின் வேலை. அக்காடின் அரசன் சர்கோன் தன் கல்வெட்டில் மெலுஹா, மகன், தில்முன் நாட்டுக் கப்பல்களைத் தன் தலைநகரின் துறையில் கட்டவைத்ததாகப் பெருமை பேசுகிறான். இவற்றில் மெலுஹா சிந்துவெளி, மகன் ஓமான் பகுதி, தில்முன் பஹ்ரைன் சார்ந்த கரை என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள அக்காடியக் காலத்து உருளை முத்திரை ஒன்று ஷு-இலிஷு என்பவருக்கு உரியது. மெலுஹா மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் என்பது அவர் தொழில். மொழிபெயர்ப்பையே தன் பதவியாக முத்திரையில் பொறித்துக்கொள்ள ஒருவரால் முடிந்தது என்றால், அயலாரோடு பேசுவது அங்கே அன்றாட வேலையாக இருந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னபின், இந்த வாதத்தைத் தகர்க்க எப்படிப்பட்ட சான்று வேண்டும் என்றும் சொல்லிவிடுவது முறை. உரூக்கின் கி.மு. 3500க்கு முந்திய அடுக்குகள் பிற்காலக் கட்டடங்களுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கின்றன. ஒரு குறுகிய ஆழ்குழியின் வழியாகவே அவற்றைப் பார்த்திருக்கிறோம். சமவெளியின் ஆதிக் குடியிருப்புகள் பல, பல மீட்டர் வண்டலுக்கும் நிலத்தடி நீருக்கும் கீழே மூடிக் கிடக்கின்றன. வடக்கின் மேடுகளோ வயல்வெளியில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கின்றன. ஆகவே டெல் பிராக்கை விடப் பழையதும் பெரியதுமான ஒரு நகரம் நாளை தெற்கின் சேற்றுக்கடியில் வெளிப்பட்டால், வடக்கு முந்தியது என்ற பகுதியை விட்டுவிட வேண்டியிருக்கும். ஆனால் அந்த நகரமும் கல்லுக்கும் மரத்துக்கும் உலோகத்துக்கும் அயலாரை எதிர்பார்த்தே நின்றிருக்கும். அதன் பயிரும் கால்நடையும் முத்திரை வழக்கமும் மலைப்புறத்திலிருந்து வந்தவையாகவே இருக்கும். முந்தியவர் யார் என்ற பட்டம் கை மாறலாம். தனியாக எழுந்தவர் என்ற பட்டத்துக்கு அந்த நிலத்தில் யாருக்கும் உரிமை இல்லை. கி.மு. 2000க்குப் பின் சுமேரியம் பேசும் குடும்பங்கள் இல்லாமல் போன பிறகும், அதைத் தாய்மொழியாகக் கொள்ளாத பாபிலோனிய, அசீரிய எழுத்தர்கள் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் அதைப் படித்தும் எழுதியும் வந்தார்கள். சுமேரியர் தொடங்கியது நமக்குத் தெரியும் அளவுக்கு நிலைத்திருப்பதும் அவர்கள் அண்டை வீட்டாரின் உழைப்பால்தான்.